தெரு நடுவே ஓடும் ரயில்கள்: லாகிரேஞ்ச் போய்வந்த கதையும் சில சந்தேகங்களும்

கூட்ஸ்பிரியன் (இழையைத் தொடங்கியவர்)

போன சனிக்கிழமை குடும்பத்தோடு லாகிரேஞ்ச் போயிருந்தேன். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், லூயிவில்லிலிருந்து காரில் அரை மணி நேரம். சின்ன ஊர்தான். ஆனால் ரயில் கிறுக்குப் பிடித்தவர்கள் தேடிப் போகிற ஊர். அதன் மெயின் ஸ்ட்ரீட்டின் நட்டநடுவில் சி.எஸ்.எக்ஸ். கம்பெனியின் ரயில் பாதை போகிறது. தெருவை ஒட்டி அல்ல, தெருவுக்குள்ளேயே. இரண்டு ஓரமும் கார் நிறுத்துகிறார்கள், அதற்கப்புறம் நடைபாதை, அப்புறம் கடைகள். தண்டவாளத்துக்கும் நிற்கிற காருக்கும் நடுவே தரையில் ஒரு கோடுதான்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ஆர்டர் எடுக்க வந்த அம்மாள் ‘முட்டையை எப்படி...’ என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் காதுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. சில வினாடிகளில் ஹாரன்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். அப்புறம் மணி விடாமல் அடிக்க, மூன்று எஞ்சின்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு போயின. பின்னால் டேங்கர், மூடிய பெட்டி, கார் ஏற்றும் பெட்டி என்று வந்துகொண்டே இருந்தது. பையன் 90 வரை எண்ணிவிட்டுக் கணக்கைத் தவறவிட்டான். வேகம், நிதானமாக மிதிக்கிற சைக்கிள் அளவுக்கு இருக்கும். கடைசிப் பெட்டி போனதும் அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து ‘...செய்யட்டும்?’ என்று முடித்தார். கடையில் வேறு யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னொரு வண்டி. படங்கள் கீழே.

என் சந்தேகம் இதுதான். இப்படி ஒரு பாதையை இந்தக் காலத்திலும் எப்படி விட்டுவைத்திருக்கிறார்கள்? தெருவுக்குள் ரயில் வந்ததா, ரயிலைச் சுற்றித் தெரு வந்ததா? உலகத்தில் வேறெங்கே இப்படி இருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

வைகைக்கரை

படத்தைப் பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது. நம் ஊரில் பிராட்கேஜ் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவுகளை 2019 ஜனவரியோடு ஒன்று விடாமல் ஒழித்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை பள்ளிக்கூட வேன், எத்தனை டிராக்டர் என்று செய்தி படித்து வளர்ந்தவன் நான். அங்கே என்னடா என்றால் முட்டை சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்க்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு சுற்றுப்பாதை போட்டு ரயிலைத் தள்ளிவிட வேண்டாமா?

வியட்நாமில் ஹனோய், தாய்லாந்தில் மேக்ளாங் சந்தை, எல்லாம் இதே ரகம்தான். யூடியூபுக்கு நன்றாக இருக்கும். அங்கே குடியிருக்கிறவனைக் கேட்டால்தான் தெரியும்.

---

ஜல்லிக்கல்

ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வைகைக்கரை தம்பிக்கு. ஹனோயும் மேக்ளாங்கும் இதில் சேராது. ஹனோயில் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட பாதைக்கு இரு பக்கமும் வீடு நெருங்கி வந்துவிட்டது. மேக்ளாங்கில் பாதை மேலேயே கடை விரித்து, வண்டி வரும்போது பந்தலைச் சுருட்டுகிறார்கள். இரண்டிலும் இடம் ரயிலுடையது. ஜல்லியும் ஸ்லீப்பரும் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) கண்ணுக்குத் தெரியும். கார் ஓடாது. மனிதர்தான் ரயில் இடத்துக்குள் போயிருக்கிறார். லாகிரேஞ்சில் நிலைமை வேறு. தண்டவாளத்தின் தலை மட்டத்துக்குத் தார் போட்டு மூடி, அதன்மேல் காரும் ஓட வேண்டும், ரயிலும் ஓட வேண்டும் என்கிற ஏற்பாடு.

பாதைக்காரன் கண்ணுக்கு இதில் மூன்று தலைவலி தெரிகிறது. சக்கரத்தின் விளிம்பு, அதாவது ஃபிளான்ஜ், ஓடுவதற்கு ரெயிலின், அதாவது தண்டவாளத்தின், உள்பக்கம் ஒரு பள்ளம் விட வேண்டும். லெவல் கிராசிங்கில் செக் ரெயில் (உள்பக்கம் இணையாக ஓடும் இன்னொரு தண்டவாளம்) போட்டு நாம் செய்வதும் அதுதான். அங்கே ஐந்தாறு மீட்டர் நீளத்துக்கு, இங்கே தெரு முழுக்க. அந்தப் பள்ளத்தில் மண் சேரும், தண்ணீர் நிற்கும், பனி உறையும். அடுத்தது, ஜல்லியைப் பார்க்கவே முடியாது. பாதையைச் சரிபார்க்கும் கீமேன் தினமும் நடந்துபோய் ஒவ்வொரு கிளிப்பையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற வேலை இங்கே நடக்காது, எல்லாம் தாருக்கு அடியில். பாதை அமுங்கினால் பேக்கிங் செய்ய, அதாவது அடியில் ஜல்லியை இறுக்கித் திணிக்க, தெருவையே உடைக்க வேண்டும். தெருவை உடைத்தால் கடைக்காரர் சண்டைக்கு வருவார்.

மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பெட்டியின் அகலம். அமெரிக்காவில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1,435 மி.மீ. பெட்டி கிட்டத்தட்ட 3.25 மீட்டர் அகலம். கழித்துப் பாருங்கள், தண்டவாளத்துக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 90 செ.மீ. நீட்டிக்கொண்டு வருகிறது. மூன்று அடி! ரெயிலிலிருந்து இரண்டு அடி தள்ளி நிறுத்திவிட்டோமே என்று நினைக்கிறவரின் காரை ரயில் உரசிக்கொண்டு போகும். ஓடுகிற கார் விலகிவிடும். விலகாதது நிறுத்திவிட்டுப் போன கார்தான். தெருவில் ஓடும் ரயிலுக்கு உண்மையான எதிரி அதுதான் என்பேன்.

ஆமாம், உங்கள் இரண்டாவது படத்தில் அந்த வெள்ளி நிறக் காரின் பின் சக்கரம் கோட்டின்மேல் இருக்கிறதே, யாருடையது?

---

டார்செட் பாலா

ஜல்லிக்கல் ஐயா சொன்ன நிறுத்திய கார் கதைக்கு இங்கிலாந்தில் ஒரு ஊரே சாட்சி. வேமத்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வரும் பயணிகள் கப்பல் ஏற வேண்டும். ஊர் ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் வரை பாதை தெரு வழியாக, படகுகள் கட்டியிருக்கும் கரையை ஒட்டி வளைந்து வளைந்து போனது. 1865இல் சரக்குக்காகத் தொடங்கினார்கள், முதலில் குதிரைதான் இழுத்தது. 1889இலிருந்து பயணிகள். சின்ன டிராம் இல்லை, மெயின் லைனில் ஓடுகிற முழு நீள ரயில். முன்னால் கொடி பிடித்து ஆட்கள் நடப்பார்கள், எஞ்சினில் ஒரு மணி கட்டியிருக்கும். மெயின் லைனில் பறந்து வந்த வண்டி கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரை மனிதன் நடக்கிற வேகத்தில் கடக்கும்.

கோடையில் கடற்கரைக்கு வருகிறவர்கள் கோட்டைக் கவனிக்காமல் காரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ரயிலில் அடிக்கடி போனவர். கொடி பிடித்த ஆட்களும் போலீஸ்காரரும் சேர்ந்து காரின் ஒரு முனையைக் குலுக்கிக் குலுக்கித் தூக்கி நகர்த்துவார்களாம். ரயிலில் உள்ளவர்கள் தலையை வெளியே நீட்டிக் கைதட்டுவார்களாம். அப்போதைய கார்கள் எடை குறைவு, இப்போதைய எஸ்.யு.வி.யை அப்படி நகர்த்திப் பாருங்கள்!

வழக்கமான சேவை 1987இல் நின்றது. கடைசியாக ஒரு சிறப்பு ரயில் 1999இல் போனது. அதற்கப்புறம் இருபது வருடம் தண்டவாளம் சும்மா கிடந்தது, மழையில் சைக்கிள்காரர்கள் வழுக்கி விழுவதற்கு மட்டும் பயன்பட்டது. 2020, 2021இல் பெயர்த்து எடுத்தார்கள். ஞாபகத்துக்காகச் சில இடங்களில் துண்டு துண்டாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

---

மலைரயில் மீனா

நம் நாட்டை விட்டுவிட்டு எல்லாரும் வெளிநாட்டைச் சுற்றுகிறீர்களே. டார்ஜிலிங்கை யாரும் சொல்லவில்லையா?

அந்தப் பாதையே ஹில் கார்ட் ரோடு என்ற மாட்டுவண்டிச் சாலையின் ஓரமாகப் போட்டதுதான். இரண்டடி கேஜ், 1881இல் டார்ஜிலிங் வரை போய்ச் சேர்ந்தது. பிராங்க்ளின் பிரெஸ்டேஜ் என்ற ரயில்வே அதிகாரியின் யோசனை. கம்பெனிக்கு முதலில் வைத்த பெயரே ‘டார்ஜிலிங் ஸ்டீம் டிராம்வே’. சாலையை நூறு தடவைக்கு மேல் குறுக்கே வெட்டிக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறும். பெரும்பாலான இடத்தில் கேட் இல்லை, ஹாரன்தான்.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். குர்சியாங் கடைத்தெருவை மறக்க முடியாது. ஜன்னலிலிருந்து கை நீட்டினால் கடையில் தொங்குகிற ஸ்வெட்டரைத் தொடலாம், விலைகூடக் கேட்கலாம். ஒரு வீட்டு வாசலில் அம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்ததும் காலை மட்டும் மடக்கிக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

நீராவி எஞ்சின் வந்த அன்று வேறு ஒரு காட்சி. முன் பஃபருக்கு மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மணல். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்டவாளத்தில் தூவுவார்கள். கோலம் போடுகிற கை மாதிரி அத்தனை சீராக விழுகிறது. ஓடுகிற எஞ்சினின் மூக்கில் உட்கார்ந்து, எதிரே ஜீப் வருவதையும் பார்த்துக்கொண்டு! ஜல்லிக்கல் ஐயா சொன்ன அகலக் கணக்கு இங்கே இன்னும் மோசம். பாதை இரண்டே அடி, பெட்டி இரு பக்கமும் தாராளமாக வெளியே வரும். எங்கள் டாக்ஸிக்காரர் ரயில் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிக் கண்ணாடியை மடக்கினார். அனிச்சைச் செயல் மாதிரி.

---

வைகைக்கரை

மீனா அக்கா, டார்ஜிலிங் பொம்மை ரயில். கொஞ்சம் வேகமாக நடந்தால் நாமே முந்திவிடலாம். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், இனி யாரும் கை வைக்க முடியாது. அதையும் நூறு பெட்டி கூட்ஸையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஜல்லிக்கல் ஐயா, ஹனோய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஏன் வெளியே தள்ளவில்லை?

---

மட்டுநகரான்

வணக்கம். இந்த இழையைப் பார்த்ததும் இலங்கையில எங்கட மன்னம்பிட்டிப் பாலம்தான் ஞாபகம் வந்தது. தெருவில்லை, பாலம். ஆனால் விஷயம் ஒன்றுதான்.

மட்டக்களப்புக்குப் போற கோச்சிப் (ரயில்) பாதையில், மகாவலிக்கு மேலால ஒரு இரும்புப் பாலம். பொலன்னறுவைப் பக்கமிருந்து வரும் பஸ், லொறி, கோச்சி எல்லாத்துக்கும் அந்த ஒரே தட்டுத்தான். தண்டவாளத்துக்கு நடுவிலயும் ஓரத்திலயும் பலகை. ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். கோச்சி வருகுது என்றால் இரண்டு பக்கமும் மறிச்சுப் போடுவாங்கள். ஓட்டமாவடியிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது.

சின்ன வயதில் அப்பாவோட மோட்டர் சைக்கிளில் அந்தப் பாலத்தால போயிருக்கிறன். முன் ரயர் தண்டவாளத்துக்கும் பலகைக்கும் இடையில் இருக்கிற வெட்டுக்குள்ள இறங்கினால் முடிஞ்சுது கதை. அப்பா இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி ஊன்றி, கிட்டத்தட்ட நடந்துதான் கடப்பார். கீழே பலகை இடுக்கால ஆற்றுத் தண்ணி தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு அவருடைய சேர்ட்டைப் பிடிச்சிருப்பன். அந்த ‘தடக் தடக்’ சத்தம் இப்பவும் காதில இருக்கு.

2007இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்து வாகனத்தை அங்கால விட்டாங்கள். பழைய பாலம் கோச்சிக்கு மட்டும். ஓட்டமாவடியிலும் பிறகு அப்படியே. இதில கவனிக்க வேண்டியது, எங்கட இடத்தில் வெளியே போனது றோட்டு, கோச்சி இல்லை.

---

ஜல்லிக்கல்

மட்டுநகரான் தம்பி, அந்த வெட்டுப் பற்றி நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. மூன்று விரல் அகலம் இருக்கும். ரயில் சக்கரத்துக்கு அது கட்டாயம், சைக்கிளுக்கு அது எமன். செங்குத்தாகக் கடந்தால் ஒன்றும் ஆகாது, தண்டவாளத்தோடு ஒட்டி ஓட்டினால் சிக்கும். தெருப் பாதையில் எல்லாருமே ஒட்டித்தான் ஓட்டுகிறார்கள்.

‘ஏன் வெளியே தள்ளவில்லை’ என்பதற்கு: 1850களில் ரயில் வந்தபோது ஊர்கள் அதைக் கெஞ்சிக் கூப்பிட்டன. ஸ்டேஷன் கடைத்தெருவில் இருக்க வேண்டும் என்பதுதான் வியாபாரிகளின் ஆசை. தனியார் நிலம் வாங்கினால் செலவு, தெரு ஊராட்சியுடையது. ‘நடுத்தெருவில் போட்டுக்கொள்’ என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்போது தெருவில் ஓடியது குதிரை வண்டி. அந்த அனுமதியின் பலம் இன்றும் ரயில் கம்பெனியிடம் இருக்கிறது. சுற்றுப்பாதைக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டால் கம்பெனி ஊரைக் கை காட்டும், ஊர் மாநிலத்தைக் கை காட்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டியை 15க்குக் குறைத்தால் வலு நாலில் ஒரு பங்கு ஆவதில்லை, பதினாறில் ஒரு பங்கு. தெருவில் ரயில் உயிரோடிருப்பதே ஊர்ந்து போவதால்தான். ஆனால் ஊர்ந்து போகிற கூட்ஸ் குறுக்குத் தெருக்களை எல்லாம் பல நிமிடம் அடைத்துக்கொண்டு நிற்கும். ஆம்புலன்ஸ் வந்தால்? அங்கே வைகைக்கரை தம்பி பக்கம்தான் நான்.

---

ஹட்சன் தமிழன்

நியூயார்க்கில் இதற்கு ஒரு பயங்கரமான முன்கதை உண்டு. மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் பத்தாவது, பதினொன்றாவது அவென்யூக்களில் சரக்கு ரயில் தெருவிலேயே ஓடியது. இறைச்சி, பால், காய்கறி எல்லாம் அதில்தான் வந்தன. ஆட்கள் அடிபட்டுச் செத்துக்கொண்டே இருந்தார்கள், நிறையக் குழந்தைகள். பதினொன்றாவது அவென்யூவுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘மரண அவென்யூ’.

1850களிலேயே நகராட்சி ஒரு விதி போட்டது: ரயிலுக்கு முன்னால் குதிரையில் ஒருவர் போக வேண்டும், பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. ‘மேற்குக் கரை கௌபாய்’ என்று பெயர். நியூயார்க்கில் கௌபாய்! கடைசிக் குதிரை 1941இல்தான் போனது. அதற்கு முன்பே, 1934இல், ரயிலை மேலே தூக்கிக் கட்டடங்களுக்கு நடுவே மேம்பாதை போட்டுவிட்டார்கள். அதிலும் 1980இல் ரயில் நின்று, புல் முளைத்து, 2009இல் ஹை லைன் என்ற பூங்காவாகத் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நடை போனால் தோளில் இடிக்கிற அளவுக்குக் கூட்டம். கீழே இருந்த தெருவின் கதை அதில் நடக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது.

சிரக்யூஸில் இன்னும் வேடிக்கை. வாஷிங்டன் தெருவில் மெயின் லைன் எக்ஸ்பிரஸ்களே 1936 வரை ஊர்ந்தன. அப்புறம் ரயிலை மேம்பாதைக்குத் தூக்கினார்கள். சில பத்து வருடத்தில் அந்த மேம்பாதையையும் நெடுஞ்சாலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். காருக்காகத் தெருவை விட்டுப் போன ரயிலை, போன இடத்திலும் கார் விடவில்லை.

---

வைகைக்கரை

‘மரண அவென்யூ’. இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எல்லாரும் ஸ்வெட்டரைத் தொட்டேன், மணலைப் பார்த்தேன் என்று ரசிக்கிறீர்கள். குதிரையில் ஆள் விட்டும் தொண்ணூறு வருடம் இழுத்திருக்கிறார்கள் என்றால் அது ரசிக்கிற விஷயமா?

---

மலைரயில் மீனா

ரசித்தால் சாவை ஆதரிக்கிறேன் என்று அர்த்தமா தம்பி? குர்சியாங் கடைக்காரரிடம் போய் ‘ரயிலை எடுத்துவிடலாமா’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஜீப்களை எடுக்கச் சொல்வார். நான் கேட்டேன், அதுதான் பதில்.

---

கமாகுரா கதிர்

சண்டையை விலக்க ஜப்பானிலிருந்து ஒருவன்.

எனோடென் என்று ஒரு ரயில், புஜிசாவாவிலிருந்து கமாகுரா வரை 10 கிலோமீட்டர், 1902இல் தொடங்கியது. கோஷிகோயே, எனோஷிமா இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே தெருவில் இறங்கிவிடும். நான்கு பெட்டி. சட்டப்படி இது டிராம் இல்லை, ரயில்தான். மீன் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, கார்களோடு கார்களாக வரும். முன்னால் போகிற கார் அவசரப்படாமல் ஓரம் கட்டும், பின்னால் வருகிற கார் பொறுமையாகத் தொடரும். ஹாரன் சத்தமே கேட்காது.

இதைவிட ஆச்சரியம் ஓட்சு நகரத்தில் கெய்ஹான் கம்பெனி ஓட்டுகிற ரயில். நான்கு பெட்டி, 66 மீட்டர் நீளம். தெருவில் ஓடும் வண்டிக்குச் சட்டம் விதித்த எல்லை 30 மீட்டர், சிறப்பு அனுமதி வாங்கி ஓட்டுகிறார்கள். பிவா ஏரிக்கரையில் சிக்னலுக்கு நின்று தெருவில் போகும், அப்புறம் ஆயிரத்துக்கு 61 என்ற ஏற்றத்தில் மலை ஏறும், அப்புறம் அதே வண்டி கியோட்டோவின் சுரங்க மெட்ரோவுக்குள் நுழைந்துவிடும். 1997லிருந்து இப்படித்தான். ஒரே டிக்கெட்டில் தெரு, மலை, சுரங்கம்.

நான் பார்த்தவரை ரகசியம் ஒன்றுதான். அந்தத் தெருக்களில் யாரும் கார் நிறுத்துவதில்லை. கடை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஓடிவருகிற பழக்கமே கிடையாது.

---

பினாங்கு செல்வி

நிறுத்துகிற பழக்கம் உள்ள ஊரிலும் ஓடுகிறது. ஜாவாவில் சோலோ நகரம். அதன் பெரிய சாலையான ஸ்லாமெட் ரியாடியின் ஓரமாகவே தண்டவாளம், ஓட்டல் வாசல்களையும் கடை வாசல்களையும் தடவிக்கொண்டு போகும். வோனோகிரி வரை போகிற சின்ன ரயில் பஸ்ஸின் பெயர் ‘பதாரா கிரெஸ்னா’. நம் கிருஷ்ணன்தான்! சுற்றுலாவுக்கு ஒரு நீராவி வண்டியும் அவ்வப்போது வரும். நான் போனபோது ஒரு ஸ்கூட்டர் தண்டவாளத்தின்மேல் நின்றது. ஹாரன் அடித்ததும் பக்கத்து வண்டிக்கடைக்காரர் வந்து ஸ்கூட்டரைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, விட்ட கரண்டியை எடுத்தார். ஸ்கூட்டர் அவருடையது இல்லை.

---

பழைய மெட்ராஸ்

பிள்ளைகளே, நம் சென்னையிலும் டிராம் ஓடியது. 1895இல் தொடங்கி 1953இல் நின்றது. நின்றபோது எனக்கு எட்டு வயது. அது ரயிலில்லை என்று ஜல்லிக்கல் சார் சொல்வார், சரிதான். ஆனால் தெரு நடுவே போகிற ஒன்றைப் பார்த்து ஒதுங்குகிற பழக்கம் நம் ஜனங்களுக்கு வராது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ஐம்பத்தெட்டு வருடம் ஒதுங்கியிருக்கிறோம்.

---

கூட்ஸ்பிரியன்

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வைகைக்கரை நண்பரின் கேள்விக்குப் பதிலாக ஒரு ஊரைச் சொல்கிறேன். இந்தியானாவில் மிச்சிகன் சிட்டி.

சிகாகோவிலிருந்து சவுத் பெண்ட் போகிற சவுத் ஷோர் மின்ரயில். 1908இல் தொடங்கியது. அந்தக் காலத்து ‘ஊர்களுக்கிடை’ மின்ரயில்கள் ஊருக்குள் வரும்போது தெருவிலேயே ஓடுவது வழக்கம். மற்ற ஊர்களில் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டார்கள், கிழக்குச் சிகாகோவில் 1956, சவுத் பெண்டில் 1970. மிச்சிகன் சிட்டியில் மட்டும் பத்தாவது, பதினொன்றாவது தெருக்களில் 2022 பிப்ரவரி வரை ஓடியது. நான் 2018இல் ஏறியிருக்கிறேன். பதினொன்றாவது தெரு ஸ்டேஷனில் பிளாட்பாரமே கிடையாது. நடைபாதையில் நிற்போம், ரயில் தெரு நடுவே வந்து நிற்கும், காரெல்லாம் நிற்கும், நாம் தார் ரோட்டில் நடந்து போய்ப் படியைப் பிடித்து ஏற வேண்டும். பெரிய பெட்டியோடு ஒரு பாட்டியை நானும் கண்டக்டரும் தூக்கிவிட்டோம்.

இப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரை விட்டு வெளியே எடுக்கவில்லை. அதே தெருவில் ரயிலுக்கென்று தனி இடம் ஒதுக்கி, இரட்டைப் பாதை போட்டு, உயரமான பிளாட்பாரமும் கட்டி, 2024 மே மாதம் முழுதாகத் திறந்தார்கள். அதற்காகச் சில வீடுகளையும் கட்டடங்களையும் இடித்தார்கள். சிகாகோ பயண நேரம் குறைந்தது. ரயிலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

---

வைகைக்கரை

இது எனக்குச் சம்மதம். வெளியே தள்ள வேண்டாம், கலக்காமல் இருந்தால் போதும். ஆனால் அந்த இடித்த வீட்டுக்காரர்கள் இந்த இழையில் இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

மட்டுநகரான்

அது உண்மை.

---

ஜல்லிக்கல்

தனி இடம் கிடைத்தால் எந்தப் பாதைக்காரனுக்கும் சந்தோஷம்தான். ஜல்லி கண்ணுக்குத் தெரியுமே! லாகிரேஞ்சில் அது நடக்காது என்று நினைக்கிறேன். படத்தைப் பார்த்தால் சுவரிலிருந்து சுவர் வரை இடமே இல்லை. கார் நிறுத்துமிடத்தை எடுத்தால்தான் உண்டு. எடுத்தால் முட்டைக் கடைக்கு ஆள் வராது.

கூட்ஸ்பிரியன் தம்பி, நான் முன்பே கேட்டதற்குப் பதில் வரவில்லை. வெள்ளி நிறக் கார்.

---

கூட்ஸ்பிரியன்

நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். என்னுடையதுதான்.

முதல் வண்டி போன பிறகுதான் நடந்தது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ‘அந்த வெள்ளிக் கார் உங்களுடையதா?’ என்றார். ஆமாம் என்றேன். பின் சக்கரம் கோட்டின்மேல் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன், கைகால் ஓடவில்லை. ‘இடிக்காது, இப்போதே ஒன்று போய்விட்டதே’ என்றார். ‘ஆனால் அடுத்தது வரும்வரை நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட மாட்டீர்கள்.’ ஓடிப்போய் ஒரு அடி உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, இறங்கிக் காலால் அளந்தும் பார்த்தேன். தண்டவாளத்திலிருந்து என் கண்ணாடி வரை ஐந்து தப்படி. திரும்பி வந்தபோது முட்டை ஆறிப்போயிருந்தது.

---

ஜல்லிக்கல்

கண்ணாடியை மடக்கினீர்களா?

---

கூட்ஸ்பிரியன்

இல்லை ஐயா. அடுத்த தடவை.